கோழி இறகு உத்தியோகம்

கண்ணை மூடச் சொல்லி, தொட்டால் சொல் என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிற தொழில் ஒன்று உண்டு. அதைத்தான் நான் பார்த்தேன்.

ஐம்பதுகளில் ராமநாதபுரம் ஜில்லாக் கடற்கரையில் தொழுநோய் தேடி ஊர் ஊராய்ப் போன ஆள் நான். ஒரு சைக்கிள், ஒரு காக்கிப் பை. பைக்குள் ஒரு கோழி இறகு, கொஞ்சம் குண்டூசி, வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்குமாக இரண்டு கண்ணாடிக் குழாய். ஆயுதம் அவ்வளவுதான். இந்த நோய் முதலில் நரம்பைத் தின்னும். தோலில் தேமல் மாதிரி வெளுப்பு விழும். அந்த இடத்தில் முதலில் சூடு தெரியாது. அப்புறம் தொட்டால் தெரியாது. கடைசியில் குத்தினாலும் தெரியாது. சேதி கொண்டுபோகிற நரம்பு செத்துவிட்டால், மூளையைப் பொறுத்தவரை அந்த இடமே உடம்பில் இல்லை.

அம்மை குத்தப் போனவர்களே, கொசு மருந்து அடிக்கப் போனவர்களே, ஜனத்தொகை எடுக்கப் போனவர்களே, கதவைத் தட்டுகிறவனுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் ஒரு வலியும் இல்லாத மனுஷன் முன்னால் போய் நின்று, "வலி இல்லையா? அதுதான் உன் வியாதி" என்று சொல்ல வேண்டும். எவன் கேட்பான்?

மந்திரிக்க வந்தவர்

சாயல்குடிப் பக்கம் ஒரு ஊர். உப்பளத்துக்குப் போகிறவர்கள் அதிகம். போய் இறங்கி, பையைத் திறந்து, இறகை எடுத்ததுதான் தாமதம். ஒரு அம்மாள் காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர். தர்காவில் மயிலிறகால் தடவி ஓதுவார்கள். அந்த வகையறா என்று என்னை நினைத்துவிட்டார்கள்.

நான் மந்திரவாதி இல்லை, சர்க்கார் ஆள், தோலில் உணர்ச்சி பார்க்க வந்திருக்கிறேன் என்று கத்தினேன். பிள்ளைக்குச் சும்மாவாவது ஒரு தடவு தடவுங்கள் என்றாள். முடியாது என்றேன். பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். இறகை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெரிய சர்க்காருக்கு ஒரு மயிலிறகு வாங்க வக்கில்லையாக்கும், கோழி இறகக் குடுத்து அனுப்பியிருக்கான்!"

சிரித்துவிட்ட பெரியவர்

உப்பூரில் ஒரு நாட்டாமை இருந்தார். அவர் உட்காராமல் அந்த ஊரில் எதுவும் நடக்காது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது ஊர்ப் பேச்சு. முதலில் அவருக்குப் பார்த்தால்தான் மற்றவர்கள் சட்டையைக் கழற்றுவார்கள். சரி என்று அவர் விலாவில் ஒரு வெளுப்பைப் பார்த்து இறகை வைத்தேன். மனுஷன் துள்ளினார். இரண்டாவது தரம் வைத்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர்.

வெறும் தேமல். நரம்பு நன்றாக வேலை செய்கிறது. அவர் இறகைப் பிடுங்கித் தன் விலாவில் தானே தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அது எப்படி என்று கேட்டார். உங்கள் கை கிளம்பும்போதே உங்கள் மூளைக்குத் தெரியும், தெரிந்து வருவதற்கு அது சிரிக்காது என்றேன். இதற்குள் ஊரே கூடிவிட்டது. கூட்டத்தில் ஒருத்தி, அவருடைய சொந்தத் தங்கச்சியாம், சொன்னாள்:

"எங்க மதினியும் இருவது வருசமாப் பாத்தாக, சிரிக்க வைக்க முடியலய்யா. அந்த இறக அவுகளுக்குக் குடுத்துட்டுப் போயிருங்க!"

டீக்கடையில் ஒரு குத்து

உச்சிப்புளி ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். கொதிக்கிற பால் சட்டியை வெறுங்கையால் விளிம்பைப் பிடித்துத் தூக்குவார். துணி கிடையாது. டீயைக் கீழே வைத்தேன். ஆள் கிடைத்துவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டேன். பாய், கையைக் கொஞ்சம் நீட்டுங்கள் என்றேன். நீட்டினார். அந்தப் பக்கம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு விரல் நுனியில் குண்டூசியை வைத்தேன்.

கை விருட்டென்று போய்விட்டது. போகிற வழியில் மூன்று கிளாஸ் தரையில். அதற்கப்புறம்தான் முகம் சுருங்கியது; அதற்கும் அப்புறம்தான் "அல்லா" என்று வாய் திறந்தது. நோய் இல்லை, வெறும் காய்ப்பு. அனல் பட்டுப் பட்டுத் தடித்த தோல். உடம்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. குத்தின சேதி முதுகுத் தண்டுக்குப் போன உடனே அங்கிருந்தே கைக்கு உத்தரவு வந்துவிடும், இழு என்று. மூளைக்கு அப்புறம்தான் தெரியும். மூளையைக் கேட்டுக்கொண்டிருந்தால் கை வெந்துவிடும். உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை பாய், அது தானாகவே புத்தியோடு நடந்துகொண்டது என்று இதையெல்லாம் விளக்கினேன். அவர் கிளாஸ் சில்லைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில் நிமிர்ந்தார்.

"இழுத்தது புத்தியுள்ள கைதேன் சார். ஒங்ககிட்ட நீட்டச் சொன்ன மூளையத்தேன் செருப்பால அடிக்கணும்."

அருள் பெற்ற கை

இனி சந்தியாகு விஷயம். பாம்பன் தாண்டித் தீவுக்குள் ஒரு மீன்பிடிக் கிராமம், எல்லாரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அங்கே கரைவலை இழுப்பார்கள். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக இழுப்பது. வலையின் கடைசிப் பைக்கு மடி என்று பேர். மீன் அதில்தான் வந்து விழும். சில மாதங்களில் மீனை விடச் சொறிதான் அதிகம் விழும். சொறி என்றால் நுங்கு மாதிரி வழவழவென்று மிதக்கிற கடல் ஜந்து. அதன் விழுது புறங்கையில் பட்டால் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். பெரிய ஆம்பிளைகள் மணலில் உருளுவார்கள்.

சந்தியாகு மட்டும் மடிக்குள் கையை விட்டுச் சொறியை அள்ளி அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். சிரித்துக்கொண்டே செய்கிறான். மற்றவர்கள் தள்ளி நின்று பார்க்கிறார்கள். அந்தோணியார் கோயில் கொடியேற்றம் முடிந்த பிறகு வந்த வரமாம். அந்தக் கைக்காக அவனுக்குப் பங்குக்கு மேலே ஒரு மீன். பக்கத்து ஊர் வலைக்காரர்கள் கூட வந்து கூப்பிடுகிறார்களாம். எனக்கு ஒன்றுதான் உறுத்தியது: அவன் வலது கையை மட்டுமே உள்ளே விட்டான். இடது கை முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. வரம் வந்தால் இரண்டு கைக்கும் சேர்ந்தல்லவா வரவேண்டும்?

வலைக்குத் தலைவரை மண்டாடி என்பார்கள். மண்டாடி மிக்கேல், கறுத்து நெடுத்த மனுஷர். அவரிடம் போய் இந்த ஆளை நான் சோதிக்க வேண்டும் என்றேன். அவர் என் பையைப் பார்த்தார், இறகைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"அது அந்தோணியார் குடுத்த கைய்யா. கோழிக்கு அங்கன என்ன சோலி?"

முழங்கால் சாட்சி

ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் சந்தியாகுவே சரி என்றான், இறகுக்காரன் தொல்லை விட்டால் போதும் என்று. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார வைத்தேன். வெயிலுக்கு மறைப்பாக அவன் பெண்சாதி லூர்து, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நெருங்கி நின்றாள். கண்ணை மூடச் சொன்னேன். புறங்கையில் வெளுப்பு, முழங்கை வரை. இறகை வைத்தேன். "தொட்டீக" என்றான். ஊசி. "தொட்டீக." எங்கே வைத்தாலும் "தொட்டீக". ஒன்றுகூடத் தவறவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான்.

ஊசியால் குத்தினால் மனுஷன் "தொட்டீக" என்றா சொல்வான்? "ஐயோ" என்று சொல்ல மாட்டானா? இறகைக் கைக்கு மேலே கொண்டுபோய், தொடாமல் அந்தரத்திலேயே நிறுத்தினேன். "தொட்டீக" என்றான். லூர்துவின் சேலை அசைந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் முழங்காலால் அவன் முதுகில் ஒரு இடி.

கூட்டத்தை விரட்டிவிட்டு அவளைத் திட்டினேன். எனக்குத் திட்ட வரும். அவள் அழவில்லை. வியாதி என்று பேர் வந்தால் இவரைக் கயிற்றைத் தொட விடமாட்டார்கள், தொலைவில் எங்கோ கொண்டுபோய் அடைப்பார்கள், கயிறு போனால் இந்தக் கரையில் அவர் யார் என்று கேட்டாள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"அவருக்குத் தெரியாட்டி என்ன சார், எனக்குத் தெரியுதுல்ல? ஒரு வீட்டுல ஒராளுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

தளர்ந்த கயிறு

அவன் முழங்கைக்கு உட்புறம் ஒரு நரம்பு ஓடும். உங்களுக்கும் ஓடுகிறது, கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஏறுமே, அதுதான். சந்தியாகுவுக்கு அது விரல் தடிமனுக்கு வீங்கிக் கிடந்தது. சுண்டுவிரல் லேசாக மடங்க ஆரம்பித்திருந்தது. விட்டால் அடுத்த விரலும் மடங்கும். அப்புறம் கயிற்றைப் பிடிக்க விரல் இருக்காது. மாத்திரை இருக்கிறது, வெகுநாள் தின்ன வேண்டும், இப்போதே ஆரம்பித்தால் கை நிற்கும் என்றேன். இந்த வகை ஒட்டாது, எங்கேயும் போய் அடைபட வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவனுக்கு நரம்பு என்றால் புரியவில்லை. கயிறு இழுக்கும்போது மடியில் மீனா பாறையா என்று கரையில் நிற்கிற உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். கயிறு சொல்லும் என்றான். கயிறு நடுவில் அறுந்திருந்தால்? வலை பாறையில் கிழிஞ்சாலும் கரைக்குத் தெரியாது என்றான். உன் கை அதுதான் என்றேன். புரிந்துவிட்டது என்று நினைத்து மாத்திரையை எடுத்தேன். அவன் கையை நீட்டவில்லை. வாங்கினால் அருள் இல்லை என்று அவனே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஊருக்கு என்ன சொல்வான்?

"வலிக்கிற சனமே மாத்திரை திங்க மாட்டேங்குது. வலிக்காதவன் எதுக்கு சார் திங்கணும்?"

கெளுத்தி முள்

அடுத்த தரம் நான் போனபோது மடி கரையேறிக்கொண்டிருந்தது. கெளுத்தியும் சொறியும் கலந்து விழுந்திருந்தன. சந்தியாகு வழக்கம்போல வலது கையை விட்டு அள்ளுகிறான். பக்கத்தில் நிற்கிறவனைக் கேலி பேசிக்கொண்டே அள்ளுகிறான். மண்டாடி திடீரென்று "நிறுத்துலே" என்றார். சொறியெல்லாம் சிவப்பாக இருந்தது. சந்தியாகு கையைத் தூக்கிக் காட்டி, என்ன மாமா என்று சிரித்தான். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரத்தில் ஒரு கெளுத்தி முள் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. மீன் இன்னும் அதில் தொங்கித் துடிக்கிறது.

கெளுத்தி குத்தினால் என்ன ஆகும் என்று அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் வரை ஊளையிடுவார்கள். இவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேர் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். சந்தியாகு முள்ளைப் பார்த்தான். அப்புறம் பின்னால் போனவர்களைப் பார்த்தான். முகத்திலிருந்து சிரிப்பு அப்போதுதான் இறங்கியது. லூர்து மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

முள்ளைப் பிடுங்கிக் கட்டுப் போட்டேன். மண்டாடி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஒட்டுமா?" இது ஒட்டுகிற வகை இல்லை, மாத்திரை தின்றால் கை நிற்கும் என்றேன். பின்னால் போனவர்களில் ஒருவன், அவனைக் கயிற்றில் விடக் கூடாது, அவன் தொட்ட கயிற்றை நாங்கள் தொட மாட்டோம் என்று முனகினான். மண்டாடி சந்தியாகுவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துத் தூக்கி, கயிற்று வரிசையில் தனக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கயிற்றில் அந்தக் கை பிடிக்கிற இடத்தை இனி நான் பார்த்துக்கொள்கிறேன், அது கிழிந்தால் நான் சொல்கிறேன் என்றார். மாத்திரையை என் கையிலிருந்து வாங்கி அவன் வாயில் அவரே போட்டார். தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. பாவம், அப்படியே முழுங்கினான்.

மிச்சச் சொறியை யார் எடுப்பது என்று கேள்வி வந்தது. முனகினவனைத்தான் மண்டாடி மடிக்கு அனுப்பினார். கையை வைத்த உடனே அவன் "ஐயோ சுடுதே" என்று குதித்தான். மண்டாடி கயிற்றை விடாமல் அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

"சுடுதா? அந்தோணியாருக்குத் தோத்திரஞ் சொல்லிட்டு அள்ளுலே, அதுதாம்லே அருள்!"

நல்ல சேதி

அதற்குப் பிறகு சந்தியாகுவுக்கு நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை கொடுத்தேன். கையைத் தினம் வெளிச்சத்தில் பார், அடுப்பில் பாத்திரத்தைத் தொடாதே, சொறிப் பக்கம் போகாதே, உனக்குச் சுடாவிட்டாலும் தோல் வேகத்தான் செய்யும் என்று ஒவ்வொரு தரமும் அதே பாட்டு. எனக்கே சலித்தது. ஊர்க்காரர்கள் சில பேர் கொஞ்ச நாள் தள்ளி நின்றார்கள். ஆனால் மண்டாடி நிற்கிற வரிசையில் எத்தனை நாள் தள்ளி நிற்பது? வலை கனமாக வந்தால் எந்தக் கை என்று பார்க்க நேரம் இருக்காது. இழுத்தார்கள். மேல் மீன் மட்டும் நின்றுபோனது.

மாத்திரைக்கும் ஒரு அளவு உண்டு. செத்த நரம்பெல்லாம் எழுந்து உட்காராது. சுண்டுவிரல் மடங்கினது மடங்கினதுதான். மற்ற விரல்கள் நின்றன. வெளுப்பின் ஓரம் மட்டும் மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. இறகை வைத்தால் சில நாள் "தெரியல", சில நாள் "தெரியுதோ என்னமோ". நான் எதையும் நம்பவில்லை. இந்தத் தொழிலில் நம்பினால் ஏமாறுவோம்.

ஒரு நாள் பாம்பனில் ரயிலுக்காகக் காத்திருந்தேன். சந்தியாகு மூச்சு வாங்க ஓடி வருகிறான், பின்னாலேயே லூர்து. வலது மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். அதில் சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடு. சொறிப் பக்கம் போகாதே என்று சொன்னேனா இல்லையா என்று நடைமேடை அதிரக் கத்தினேன். வேணுமின்னு போகல சார், கயித்துல சுத்தி வந்துருச்சு, சார் சுடுது சார், எரியுது சார், உசுரு போகுது சார் என்றான். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயெல்லாம் பல். ரயிலுக்கு நின்றவர்கள் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள். பையிலிருந்து இறகை எடுத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். லூர்துவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவள் தானாகவே நாலடி தள்ளிப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மணிக்கட்டு ஓரத்தில் வைத்தேன். "தொட்டீக" என்றான். எடுத்தேன். பேசாமல் இருந்தான். வைத்தேன். "தொட்டீக."

லூர்து அங்கிருந்தே சொன்னாள்:

"பாத்துக்கிருங்க சார், என் முழங்காலு இங்கன இருக்கு!"

பிறத்தியார் "ஐயோ" என்று கத்துவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு அதற்குச் சர்க்காரிடம் சம்பளமும் வாங்கியவன், போலீஸ்காரர்களை விட்டுவிட்டால், இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான்.